சண்டை போடத் தெரியாத ஆங்கிலம்

காலையில் பால் பொங்குவதற்கு முன்பே என் கைபேசிக்குள் பெண்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். "அக்கா, பாப்பாவுக்கு ராத்திரி பூரா இருமல். இன்னைக்கு அனுப்பலன்னு போட்டு விடுங்களேன்." "மதினி, வேன்காரரு நேத்தும் லேட்டு. கொஞ்சம் உறைக்கிற மாதிரி எழுதிக் குடுங்க." "யக்கா, நாளைக்குக் கலர் டிரஸ்ஸுன்னாங்களே, மஞ்சளா பச்சையா, கேட்டுச் சொல்லுங்க." நான் ஒரு கையால் அடுப்பைத் தணித்துக்கொண்டு மறுகையால் அவற்றை ஆங்கிலமாக்கித் திருப்பி அனுப்புவேன். அவர்கள் அதை அப்படியே எடுத்து, எங்கள் பிள்ளைகள் படிக்கும் நர்சரிப் பள்ளியின் எல்.கே.ஜி. வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். குழுவில் ஆங்கிலம் மட்டுமே எழுத வேண்டும், குரல்பதிவு கூடாது என்பது பள்ளியின் விதி. ஆகவே தேனிக்காரியும் ராமநாதபுரத்துக்காரியும் அம்பாசமுத்திரத்துக்காரியும் 'குட் மார்னிங் மேம், திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ' என்று ஒரே குரலில் பேசுவார்கள். அந்தக் குரல் என்னுடையது. ஓய்வாகக் குழுவைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தால், பல பெயர்களில் நானே பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். பயமாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். பெருமைப்பட்டதற்காக மறுபடியும் பயமாக இருக்கும். என் சுபாவம் அப்படி.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகி, வடக்கே கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்துக்கு வந்தேன். கணவருக்கு பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் கொரியக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. துபாயில் இருக்கும் என் பெரியம்மா மகன், "ஒரே மாநிலத்துக்குள்ள பஸ் ஏறிப் போனதுக்கெல்லாம் புலம்பெயர்வா?" என்று கேலி செய்வான். அவனுக்கு என்ன தெரியும்? அங்கே அவன் பேசுவது புரியாவிட்டால் வேற்று மொழி என்று விட்டுவிடுவார்கள். இங்கே நான் பேசுவது புரியும். புரிந்து தப்பாகவும் எடுத்துக்கொள்வார்கள். வந்த புதிதில் ஒருநாள் வீட்டுக்கார அம்மாவின் சின்ன மகள் வாசல் குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஓடினாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்பிள்ளையையும் கூப்பிடுவதுபோல், "ஏட்டி, பைப்ப மூடிட்டுப் போ" என்றேன். எங்கள் பக்கம் அது செல்லம். மகள், தங்கை, கூடப் படித்தவள், எதிர்வீட்டுக் குழந்தை என்று எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து விறுவிறுவென்று வந்தார். "இன்னாமா, வந்து நாலு நாள் ஆவல, எம் பொண்ண டீ போட்டு கூப்புட்ற? எங்க வூட்ல யாரும் அப்டி கூப்ட்டதில்ல." நான் விளக்கப் போனேன். விளக்க விளக்க இன்னும் மோசமானது.

அன்றோடு அந்தச் சொல்லை விழுங்கினேன். பிறகு எனக்கு மகள் பிறந்தாள். ஆதிரை என்று பெயர் வைத்தோம். அவளைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. 'பேபி, கம்' என்பேன். ஆங்கிலத்தில் யாரை எப்படிக் கூப்பிட்டாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. இரண்டு தமிழுக்கு நடுவில் ஒளிந்துகொள்ள எனக்கு அது வசதியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா அதற்கும் ஒன்று சொன்னார், எனக்குக் கேட்கும்படியே: "படிச்ச திமிரு."

இந்த வட்டாரத்தில் ஆங்கிலம் இல்லாமல் ஒருநாள் ஓடாது. ஆனால் அது என்ன ஆங்கிலம்? ஷிஃப்ட், லைன், ஓ.டி., டார்கெட். கொரிய மேலாளருக்கும் தமிழ் ஆபரேட்டருக்கும் நடுவில் அந்தப் பெரிய மொழியை வடிகட்டி வடிகட்டி, கடைசியில் இரண்டே சொற்கள் மிஞ்சியிருக்கின்றன: ஓகே, என்ஜி. என்ஜி என்றால் 'நோ குட்'. தேறிய பாகத்துக்குப் பச்சைச் சீட்டு. தேறாததைச் சிவப்பு டப்பாவில் போடுவார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்தும் இதே பாஷைதான். "சட்னி ஓகே. தோசை என்ஜி." ஆதிரைக்குப் பேச்சு வந்ததும் முதல் முதலாக என் சமையலைப் பற்றிச் சொன்ன கருத்து, "அம்மா, உப்புமா என்ஜி." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்புமாவுக்காக இல்லை.

நான் பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்தவள். அந்த மொழியை வேலைக்காகப் படிக்கவில்லை, பிடித்துப் படித்தேன். 'ஆல்தோ' என்ற சொல்லை முதன்முதலாகச் சரியாகப் பயன்படுத்திய நாள் இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஒரு சொல்லை எழுதியதும் வாக்கியத்துக்குள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் சொல்வதை ஒப்புக்கொண்டே மற்றவர் மறுக்கிறார். எதிலும் உடனே முடிவுக்கு வர முடியாத எனக்கு, என்னை நன்றாகத் தெரிந்த யாரோ செய்து கொடுத்த சொல்போல இருந்தது. அதைவிடப் பிடித்தது 'யூ'. எங்கள் ஊரில் எதிரில் நிற்பவர் யார், எந்தத் தெரு என்று தெரியாமல் நீயா நீங்களா என்று வாய் திறக்க முடியாது. சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அந்தக் கணக்கைப் போடப் பழகிவிடுவோம். ஆங்கிலத்தில் கல்லூரி முதல்வரும் 'யூ', என் தங்கையும் 'யூ'. இப்படி ஒரு படிக்கட்டே இல்லாத வீடு உலகத்தில் இருக்கிறதே என்று விடுதிக் கட்டிலில் படுத்து வியந்திருக்கிறேன்.

பிடிக்காததும் உண்டு. தமிழில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆமாவா இல்லையா என்பதைக் கடைசிச் சொல்வரை தள்ளிப்போடலாம். முகம் கறுத்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலம் அப்படி விடாது. யார், என்ன செய்தார், செய்யவில்லை என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது சொல்லிலேயே மாட்டிக்கொள்வோம். வாய்மொழித் தேர்வுகளில் நான் திக்கியதெல்லாம் சொல் தெரியாமல் இல்லை. இரண்டாவது சொல்லைச் சொல்லத் துணிவில்லாமல்தான்.

அந்தத் துணிவை யாரும் கற்றுக் கொடுக்கவும் இல்லை. நம்மில் பலரும் ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுதிய முழுக்கடிதம் எது என்று யோசித்துப் பாருங்கள். லீவ் லெட்டர்தான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ கைண்ட்லி ரிக்வஸ்ட் யூ' என்று தொடங்கி, 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடியும். எங்கள் ஆறாம் வகுப்பு ஆங்கில சார் அந்த ஒரு கடிதத்தைத்தான் மனப்பாடம் செய்யச் சொன்னார். அதில் காய்ச்சல் மட்டும்தான் இருந்தது. ஆகவே அக்கா கல்யாணத்துக்கும் காய்ச்சல், காதுகுத்துக்கும் காய்ச்சல். எங்கள் ஊர்த் திருவிழாவான ஆடித்தபசு வந்தபோது வகுப்பே காய்ச்சலில் படுத்தது. சார் எல்லாக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் தபசுக் கூட்டத்தில், பஜ்ஜிக் கடை முன்னால் எங்களைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்தோம். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மொழியை மன்னிப்புக் கேட்பதிலும் அனுமதி கேட்பதிலும் தொடங்கினால், பிறகு எம்.ஏ. வரை போனாலும் அந்தக் கூன் நிமிர்வதில்லை. இது எனக்குப் புரிந்தது செல்வியின் மகளால்.

செல்வி அம்பாசமுத்திரம் பக்கம். கார்களுக்கான வயர்களைக் கட்டித் தரும் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் தெருவின் கடைசி வீடு. ஒரே மகள் யாழினி, என் ஆதிரையின் வகுப்பு. அந்தப் பிள்ளையின் வாயை நீங்கள் கேட்க வேண்டும். வாலாஜாபாத் சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, அந்த லாரி ஏன் காரையெல்லாம் முதுகுல தூக்கிட்டுப் போவுது? காருக்குக் கால் வலிக்கா?" என்று கேட்பாள். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னும் மூன்று கேள்வி முளைக்கும். செல்வி, "ஏட்டி, பெரியம்மாவ விடுட்டி" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே நான் அந்தப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் பேசவிடுவேன்.

மார்ச் மாதத்தில் பள்ளியிலிருந்து செல்விக்கு ஒரு செய்தி வந்தது. யாழினி வகுப்பில் வாயே திறப்பதில்லை, எதற்கும் பதில் சொல்வதில்லை, 'நாட் ரெடி ஃபார் யூ.கே.ஜி.', ஆகவே இன்னொரு வருடம் எல்.கே.ஜி.யிலேயே இருக்கட்டும். செல்வியின் குரல் வேலை முடிந்த களைப்போடு என் கைபேசிக்கு வந்தது. "யக்கா, எம் பிள்ளையா வாய் தொறக்கல? வீட்டுல அவள வாய மூடச் சொல்லி எனக்குத் தொண்டை வத்துது. அங்க போனா மட்டும் ஊமையாவுதான்னா, அங்க அவள என்ன செய்யுதீங்கன்னு கேளுங்க. நல்லா நறுக்குன்னு கேளுங்க." நான் உட்கார்ந்து எழுதினேன், திருத்தினேன், மறுபடி திருத்தினேன். கடைசியில் போனது இது: 'டியர் மேம், குட் மார்னிங். யாழினி இஸ் கொயட் டாக்கடிவ் அட் ஹோம். வி ஆர் எ லிட்டில் கன்சர்ன்ட். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.' நறுக்கென்று என்ற ஒன்று அதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அழகாகச் சொல்ல வரும், சோகமாகச் சொல்ல வரும். கோபமாக ஒரு வரி எழுதினால் இலக்கணப் பிழை செய்ததுபோல் உடனே அழித்துவிடுகிறேன்.

பதில் உடனே வந்தது. 'நோட்டட். கைண்ட்லி ஸ்பீக் ஒன்லி இங்கிலீஷ் அட் ஹோம்.' என் 'கைண்ட்லி' எனக்கே திரும்பி வந்திருந்தது. இருந்தாலும் நான் சந்தேகப்பட்டது பள்ளியை இல்லை, என்னைத்தான். நானும் ஆதிரையிடம் ஆங்கிலம்தான் பேசுகிறேன், அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்? அவர்களுக்குத் தெரியாததா? "கொஞ்ச நாள் செஞ்சு பாரேன்" என்று செல்வியிடம் சொன்னேன்.

செய்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் லைனில் கேட்ட ஆங்கிலம். ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது, தட்டை வைத்துக்கொண்டு பிள்ளை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "சிட். ஈட். ஃபாஸ்ட்." ஒரு உருண்டை. "நெக்ஸ்ட்." அடுத்த உருண்டை. "நோ டாக்கிங்." யாழினி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெல்லாமல் விழுங்கினாள். செல்வி என்னைப் பார்த்து, "சூப்பர்வைசர் மாதிரியே இருக்குல்லக்கா?" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் குரல் இறங்கியது. "ரெண்டு மூணு நாளா வீட்டுலயும் பேசமாட்டேங்கா. நேத்து லாரியப் பாத்தா, ஒண்ணுமே கேக்கல. பயமா இருக்குக்கா."

எனக்கும் பயமாக இருந்தது. நேரில் போய்ப் பேசுவோம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன நிமிடத்திலிருந்து ஏன் சொன்னோம் என்று குடைய ஆரம்பித்தது. என் கணவரும் அதையே கேட்டார்: "நீ ஏன் நடுவுல போற? நம்ம பிள்ளையும் அங்கதான படிக்கா." அதுவும் நியாயம்தான். போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே காரணம் காய்ச்சல்.

போனோம். பள்ளி வாசலில், குடிநீர்த் தொட்டிக்கு மேலே, 'இங்கிலீஷ் ஸ்பீக்கிங் ஸோன்' என்று பலகை தொங்குகிறது. தண்ணீர் குடிக்கப் போகும் பிள்ளை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கோஆர்டினேட்டர் மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து எல்.கே.ஜி. வகுப்பையும் பார்த்துக்கொள்பவர். ஆங்கிலத்தை இஸ்திரி போட்டதுபோல் பேசுவார். செல்வி ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை அப்படியே தொங்கியது. மேடம் ஆங்கிலத்தை விடவில்லை. செல்வி தமிழை விடவில்லை. நான் நடுவில்.

செல்வி ஆரம்பித்தாள்: "பிள்ளை பேசலன்னு நீங்க சொல்லுதத நான் இல்லன்னு சொல்லல, ஆனா அவ பேசுத பேச்சுல நீங்க ஒருநாளாவது அவகிட்ட எதையாவது கேட்டு..." நான் வினைச்சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வராமல் இந்த வாக்கியம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. மேடம் பேனாவைத் தட்டினார். "யெஸ்? வாட் இஸ் ஷி சேயிங்?" நான் அவசரப்பட்டு, "ஷி அக்ரீஸ் தட்..." என்று தொடங்கிவிட்டேன்.

செல்வி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "யக்கா, நான் எங்க அக்ரீ பண்ணினேன்?"

மேடம் மெல்லச் சிரித்தார். செல்வியை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். "மேம், யூ ஆர் எஜுகேட்டட். யுவர் டாட்டர் இஸ் டூயிங் ஸோ வெல். வொய் ஆர் யூ கமிங் வித் ஹர்?" இதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. குரலும் உயரவில்லை. ஆனால் அந்த 'ஹர்' செல்வியை அறைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. 'யூ'வில் படிக்கட்டு இல்லை என்று இத்தனை வருடம் மயங்கிக் கிடந்தேனே. மொத்தப் படிக்கட்டையும் 'ஹர்' என்ற இந்தச் சின்னச் சொல்லுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எம்.ஏ. படித்த வாயிலிருந்து வந்தது, "கைண்ட்லி..."

"எஜுகேட்டட்னா எனக்கும் அர்த்தம் தெரியும் மேடம்" என்றாள் செல்வி. "சுத்தி வளைக்காதீங்க. எம் பிள்ளைய என்ஜி டப்பாவுல தூக்கிப் போட்டுட்டீங்க, அதான?"

அந்த அறையில் மூன்று பேருக்கும் ஒரே அர்த்தம் தந்த ஆங்கிலச் சொல் அன்றைக்கு அது ஒன்றுதான். மேடத்தின் முகம் சிவந்தது. இஸ்திரி கலைந்தது. "இன்னாமா பேசற நீ? ஸ்கூலுக்குள்ள வந்து மெரட்டினு கீற?"

"'நீ'ங்காதீங்க மேடம். எங்க லைன்ல சூப்பர்வைசரே என்னய வாங்க போங்கன்னுதான் சொல்லுவாரு."

"சரி, நீங்க. இன்னா இப்போ? நீங்க வந்து நில்லுங்களேன், அத்தினி புள்ளைங்கள மேய்ங்களேன் ஒருநாளு!"

"நிக்கேன். நான் நின்னா எல்லாப் பிள்ளையும் பேசும். பேச்ச அடக்கத்தான் ஒங்களக் கூப்பிடணும்."

"பேசுவீங்க, ஏன் பேச மாட்டீங்க! எனுக்கு இன்னா வேண்டுதலா, உங்க பொண்ண நிறுத்தி வெக்கணும்னு? ஒருநாள் ஒரு புள்ள அழுதுதுன்னு தமிழ்ல ரெண்டு வார்த்த பேசிட்டேன். சாயங்காலமே குரூப்புல மெசேஜு. 'வி ஆர் பேயிங் ஃபார் இங்கிலீஷ் மீடியம்'னு. கரஸ்பான்டன்ட் கூப்ட்டு அப்டி கேட்டாரு என்னை. யாரு போட்டது அத்த? உங்க அம்மாங்கதான். தமிழ்ல பேசினா இது இன்னா கவர்மென்ட் ஸ்கூலானு கேக்கறீங்க, இங்கிலீஷ்ல பேசினா புள்ள பேசலன்னு சண்டைக்கு வரீங்க. நான் எங்க போறது?"

அந்தச் செய்தியை எனக்குத் தெரியும். ஒரு அம்மா கொட்டித் தீர்த்ததை நான்தான் ஆங்கிலமாக்கிக் கொடுத்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். ஒரு பிழை கிடையாது. அது இன்னொரு பெண்ணின் தலையில் போய் விழுந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் யார் தலையிலும் எதுவும் விழாது என்றுதானே இருந்தேன்.

இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். வடக்கத்தித் தமிழும் தெற்கத்தித் தமிழும். ஆயா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் ஒன்றைக் கவனித்தேன். நான் எழுதிய செய்திகளெல்லாம் 'நோட்டட்' என்ற ஒரே சுவரில் மோதி விழுந்தன. இங்கே இரண்டு பேரும் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் முதன்முதலாக அந்த அறையில் தமிழில் பேசினேன். பயத்தில் என் ஊர்ப் பேச்சே வந்துவிட்டது. "மேடம், பிள்ளைய இங்க கூப்பிடுங்க. இப்ப எங்ககிட்டப் பேசுதீங்கல்லா, அந்தப் பேச்சுலயே அவகிட்ட ஏதாவது கேளுங்க."

யாழினி வந்து கதவோரம் நின்றாள். மேடம் பழக்கத்தில், "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார். பிள்ளை தரையைப் பார்த்தது. செல்வியின் விரல்கள் கழுத்து அட்டையை முறுக்கின. மேடம் என்னை ஒருமுறை பார்த்தார், மூச்சை விட்டார், நாற்காலியை விட்டு இறங்கிக் குந்தி உட்கார்ந்தார். "இன்னாடி, உம் பேரு இன்னா? எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

வீட்டுக்கார அம்மா எந்த 'டீ'க்காக என்னோடு சண்டைக்கு வந்தாரோ, அதே 'டீ'. பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. "யாழினி" என்றது. பிறகு கொஞ்ச நேரம் மேடத்தின் வாயையே பார்த்துவிட்டு, "நீங்க ஏன் இன்னாங்கீங்க? என்னன்னுதான சொல்லணும்?" என்றது.

மேடம் சிரித்துவிட்டார். "பாரேன், எனுக்கே கிளாஸ் எடுக்குது." சுவரில் இருந்த படங்களைக் காட்டிக் கேட்டார். யானை, ஒட்டகம், கப்பல் என்று மடமடவென்று வந்தது. யானையிடம் திரும்பிப் போய், "இத எலிஃபன்ட்டுன்னும் சொல்லலாம்" என்று, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொன்னாள். செல்வி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யூ.கே.ஜி.ல போட்றேன். காலாண்டு வரிக்கும் பாப்போம்" என்றார் மேடம், எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆங்கிலமும் திரும்ப வந்து உட்கார்ந்தது. என்னைப் பார்த்து, "மேம், ப்ளீஸ் டோன்ட் ரைட் ஃபார் அதர்ஸ். எல்லா அம்மாவும் ஒரே மாரி எழுதறாங்களேன்னு எனக்கு அப்பவே டவுட்டு" என்றார். பலகை இன்றைக்கும் தண்ணீர்த் தொட்டி மேல்தான் தொங்குகிறது. யாரும் திருந்திவிடவில்லை.

வெளியே வந்ததும் செல்வி யாழினியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். "யக்கா, ஒங்க இங்கிலீஷு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா என்ன செஞ்சாலும் அதுக்குக் கோவமே வரமாட்டேங்கு." கேலியாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஜூன் மாதம் யாழினி யூ.கே.ஜி.க்குப் போனாள். லாரிக் கேள்விகள் திரும்பி வந்துவிட்டன.

இப்போதெல்லாம் பால் பொங்கும் நேரத்தில் என் கைபேசி அமைதியாக இருக்கிறது. அம்மாக்கள் தாங்களே எழுதுகிறார்கள். 'மேம் டுடே பாப்பா ஃபீவர் நாட் கம்' என்று ஒருத்தி போடுகிறாள். எல்லோருக்கும் புரிகிறது. விதியை மீறிக் குரல்பதிவும் வருகிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிழையுள்ள ஒவ்வொரு வரியையும் பார்க்கும்போது கை அரிக்கிறது. என்னிடம் கேட்டிருக்கலாமே என்று எரிச்சல் வருகிறது. இந்த மொழியை நான் நேசித்த அளவுக்கு இங்கே யாரும் நேசித்ததில்லை. அது எனக்குத் திருப்பித் தந்ததோ மரியாதையாகத் தலைகுனிவதற்கான வாக்கியங்கள்தான். இருந்தும் 'ஆல்தோ' என்று எழுதினால் இன்னும் மனம் இளகுகிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

போன வாரம் செல்விக்கு பி ஷிஃப்ட், வீடு திரும்ப ராத்திரியாகும். யாழினியை என்னிடம் விட்டுப் போயிருந்தாள். வீட்டுக்கார அம்மா மாடியில் இன்னும் இரண்டு அறை கட்டுகிறார், வாடகைக்கு விட. அதற்காகக் கொட்டிய மணலில் இரண்டு பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கொட்டாங்கச்சிக்காகச் சண்டை வந்தது. "குடுறீ, இது என்னுது" என்று ஆதிரை வீட்டுக்கார அம்மாவின் தமிழில் கத்த, "ஏட்டி, தர மாட்டேன் போ" என்று யாழினி எங்கள் ஊர்த் தமிழில் கத்தினாள். கடைசியில் யாழினி கொட்டாங்கச்சியை நீட்டினாள். பிறகு, "சாரி." "இட்ஸ் ஓகே." ஆங்கிலம் சண்டை முடிந்த பிறகு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. செம்பரம்பாக்கம் பக்கம் வானம் இருண்டு, பெரிய பெரிய துளிகள் விழுந்தன. என்ன தோன்றியதோ, நான் மாடிப்படியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "ஏட்டி! மழை வருது, உள்ள வா" என்று கூப்பிட்டேன். வீட்டுக்கார அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது.

யாழினி உடனே திரும்பினாள். கை மணலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆதிரை திரும்பவில்லை. முதுகு நனைய, கொட்டாங்கச்சியில் மணலை அடைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மழை வலுத்தது.

"பேபி, கம்" என்றேன். ஓடி வந்தாள்.